கழலை போர்டும் லூர்துமேரியின் கழுத்தும்

விழுப்புரத்தில் ஒரு காலத்தில் கழலை நிவாரண போர்டு என்று ஒன்று இருந்தது. அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் ஏற்பட்டதில்லை, கழலை வந்தவர்களைத் தவிர.

அது உண்டான கதை சின்னது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ஒரு பெரிய துரைசானி ரயிலில் போகும்போது, ஜங்ஷனில் முறுக்கு விற்ற ஒருத்தியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் கழுத்தில் கழலை வீங்கியிருந்தது. துரைசானி தன் பாஷையில் "ஐயோ பாவம்" என்றாள். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் மாலையோடு நின்றிருந்த பெரிய மனிதர்கள் அந்த 'ஐயோ பாவ'த்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மறு மாதமே போர்டு வந்தது, கட்டடம் வந்தது, பிரசிடெண்டாக ராவ்சாகிப் அரங்கநாதன் வந்தார். முறுக்குக்காரி என்ன ஆனாள் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நம் தொண்டையில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வேலை செய்யாமல் படுத்துக்கொண்டால் ஆளே படுத்துவிடுவான். குளிரும், முகம் ஊதும், பேச்சு இழுக்கும். அதே சுரப்பியில் கட்டி விழுவதும் உண்டு. கடவுள் யோசிக்காமல் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். போர்டு அந்தப் பிழையைத் திருத்தி, கட்டிப் பிரிவை விழுப்புரத்திலும் மந்தப் பிரிவைத் திண்டிவனத்திலும் வைத்தது. ஒரே ஆள் இரண்டு பிரிவிலும் இருக்கக் கூடாது. இருந்தால் வருஷ அறிக்கையில் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவார் அல்லவா? ஆகையால் யார் வந்தாலும் முதலில் விழுப்புரத்தில் கழுத்தைப் பார்த்து, கட்டி 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதுவார்கள். 'இல்லை' என்றால் திண்டிவனம் போய் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஆட்டின் சுரப்பியை உலர்த்திச் செய்த நல்ல மாத்திரைதான், சீமையிலிருந்து வருவது. 'உண்டு' என்றால் மாத்திரை கிடையாது. பட்டணத்திலிருந்து ஆபரேஷன் டாக்டர் வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டவள்தான் கிளியனூர்ச் சேரியைச் சேர்ந்த லூர்துமேரி.

அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மல்லாட்டை ஆய்வதில், அதாவது செடியிலிருந்து வேர்க்கடலை பறிப்பதில், கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருஷமாக என்னவோ ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவாள். ஆய்ந்துகொண்டிருக்கும்போதே செடியைப் பிடித்தபடி தூங்கிவிடுவாள். முகம் ஊதிப்போய், தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. "திமிரு புடிச்சிக்கினு உக்காந்திருக்கா" என்று காட்டுக்காரர் வேலைக்கு வேண்டாம் என்றுவிட்டார். அவள் புருஷன் சவுரிராயன் மட்டும் அது திமிர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லை யார் கேட்டார்கள்?

கடைசியில் திண்டிவனம் பக்கம் வந்திருந்த ஒரு மிஷன் டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். கழுத்தை இரண்டு கையாலும் தடவினாள், கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் தடவினாள். "சுரப்பி தூங்குது. மாத்திரை சாப்பிட்டா எழுந்திரும். ஆனா இங்க ஒரு கட்டி இருக்கலாம். அது என்னன்னு உடனே பார்க்கணும்" என்று சொல்லி, போர்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாள்.

'கட்டி' என்றதும் லூர்துமேரிக்குத் தெருக்கோடிக் காசியம்மாள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். போன வருஷம்தான் அவள் கழுத்துக் கட்டியோடு மூச்சு முட்டிச் செத்தாள். மூன்று நாள் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் விழுப்புரம் போனார்கள். வாசலில் டவாலி போட்ட பியூன் தாண்டவராயன் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே விட்டான். டாக்டர் விருத்தாசலம் கடிதத்தைப் பார்த்தார்.

"கட்டி உண்டா, இல்லையா?"

"இருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க சாமி."

"இருக்கலாம்கிறதுக்கு ஃபாரத்திலே இடம் இல்லே. உண்டா, இல்லையா?"

"அத தெரிஞ்சிக்கத்தான் சாமி வந்தேன்."

"தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தே?" என்றார் டாக்டர். அவர் கெட்டவர் இல்லை. ஃபாரம் அப்படி.

போர்டில் கட்டி பார்க்கும் முறை இது: தண்ணீர் விழுங்கும்போது சுரப்பி மேலே ஏறி இறங்கும், கட்டி இருந்தால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். அதற்காகப் பிரசிடெண்ட் அன்பளிப்பாகக் கொடுத்த வெள்ளித் தம்ளர் ஒன்று டாக்டரின் மேஜைமேல் இருந்தது. வந்தவர்கள் அதைத் தூக்கிப் பிடித்து, நம் வழக்கப்படி அண்ணாந்து குடிப்பார்கள். கழுத்து முழுதும் பளிச்சென்று தெரியும். முறை என்னவோ நல்ல முறைதான்.

லூர்துமேரியின் முறை வந்ததும், யாரும் சொல்லாமலே தம்ளர் மேஜையின் மறுகோடிக்கு நகர்ந்தது. தாண்டவராயன் சொம்போடு வந்தான். அவள் குந்தி உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கையையும் ஏந்தினாள். அவன் உயரத்திலிருந்து ஊற்றினான். மோவாய் மார்பில் இடிக்க அவள் குடித்தாள். டாக்டருக்கு அவள் உச்சி வகிடு நன்றாகத் தெரிந்தது.

"கழுத்து காணப்படவில்லை" என்று அவர் எழுதினார்.

தொட்டுப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தேவைப்பட்டால் தொட்டுப் பார்க்கலாம் என்று விதியில் இருக்கிறது. அவள் விஷயத்தில் தேவைப்படவில்லை.

கழுத்தே காணப்படாதவளுக்குக் கட்டி உண்டென்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. அடுத்த தடவை லூர்துமேரி வீட்டிலிருந்து தன் அலுமினியத் தம்ளரைக் கொண்டுபோனாள்.

"வெளிப் பாத்திரம் கூடாது" என்றான் தாண்டவராயன். "அளவு தெரியாத தம்ளரு. நீ எத்தினி முழுங்கினேன்னு யாருக்குத் தெரியும்? எனக்குப் பேஜாரு பண்ணாதே, போய்க்கினே இரு."

கோயில் உபதேசியாரைப் பிடித்துச் சவுரிராயன் ஒரு மனு எழுதினான். 'என் பெண்சாதிக்குக் கழுத்து இருக்கிறது. தம்ளர் கொடுத்தால் தெரியும்' என்பதுதான் அதன் சாரம். மனு போர்டைக் கலக்கிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். ராவ்சாகிப் பேசியதை அப்படியே தருகிறேன்:

"கனவான்களே! நமது போர்டில் உயர்வு தாழ்வு என்பது அறவே கிடையாது. இந்த வெள்ளித் தம்ளர் என் தாயார் நினைவாக நான் அளித்தது. இதைத் தொட வேண்டாம் என்று யாரிடமாவது நான் சொன்னதுண்டா? கிடையாது. தொடமாட்டார்கள் என்று நம்பினேன், அவ்வளவுதான். அந்த ஏழை ஜனங்களும் என் நம்பிக்கையை இதுநாள்வரை காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெருந்தன்மையை நான் மெச்சுகிறேன். அந்தப் பெருந்தன்மைக்குக் கைம்மாறாக, அவர்களுக்கென்றே, அவர்களுக்கு மட்டுமே, ஒரு புதுத் தம்ளர் வாங்க வேண்டும் என்று பிரேரேபிக்கிறேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தம்ளர் எந்த உலோகம், எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு சப் கமிட்டி போட்டார்கள். ஐந்து மாதம் ஆலோசித்து, பித்தளை என்றும், வெளியே வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவது என்றும் முடிவாயிற்று. இந்த ஐந்து மாதத்தில் லூர்துமேரிக்கு நாக்குத் தடித்துப் பேச்சே குழறத் தொடங்கிவிட்டது. தம்ளர் திறப்புவிழாவுக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். ராவ்சாகிப் தம்ளரைச் சுற்றியிருந்த பட்டுத்துணியை விலக்கினார், தம்ளரைத் தொடாமல்.

விழா முடிந்து எல்லாரும் போன பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. தம்ளர் மரத்தடியில் இருக்கிறது, அது உள்ளே வரக் கூடாது. டாக்டர் உள்ளே இருக்கிறார், பரிசோதனை அறைக்கு வெளியே நடத்தக் கூடாது. தண்ணீர் குடிப்பது ஓரிடம், பார்ப்பது ஓரிடம். செக்ரட்டரி மூளைக்காரர், ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மரத்தடியிலே வாய் நிறையத் தண்ணியை எடுத்துக்கோ. முழுங்காதே. அப்படியே உள்ளே வந்து, டாக்டர் எதிரே முழுங்கு."

லூர்துமேரி வாயில் தண்ணீரோடு கிளம்பினாள். மரத்திலிருந்து படி முப்பது அடி. படி ஐந்து. தாழ்வாரம் நீளம். நல்ல ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும். அவளோ ஒரு படி ஏறிவிட்டு நிற்பாள், இன்னொரு படி ஏறிவிட்டு நிற்பாள். சவுரிராயன் கீழே நின்று, தன் வாயையும் இறுக மூடிக்கொண்டு பார்த்தான். ஒருவழியாகத் தாழ்வாரம் கடந்து அறை வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கே மேஜை போட்டுக்கொண்டு தாண்டவராயன் இருந்தான்.

"பேரு?"

அவள் வாயைக் காட்டினாள்.

"பேரு சொல்லாம உள்ள உட முடியாது. இன்னா, வாயில கொழுக்கட்டையா? ஜல்தி சொல்லு!"

"லூர்து... மேரி" என்றாள் அவள். தண்ணீர் உள்ளே போய்விட்டது.

டாக்டர் எதிரே போய் நின்றாள். "முழுங்கு" என்றார் அவர். அவள் வெறும் வாயை மென்றாள். தொண்டை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'கட்டி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாத்திரை கிடைத்தது. திண்டிவனம் கம்பவுண்டர் முத்துசாமி அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, தினம் ஒன்று என்று சொல்லி அனுப்பினார். ஆறாவது வாரம் ஒரு மத்தியானம் லூர்துமேரி வெளியே ஓடிவந்து, "யோவ், எனக்கு வேர்த்திருச்சுய்யா!" என்று கத்தினாள். சவுரிராயன் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். பிறகு குரல் திரும்பிற்று. கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தாள். காட்டுக்காரர் வேலைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

ஆனால் முகத்தில் ஊதல் வடிந்தது போலக் கழுத்திலும் வடிந்தது. வடிந்ததும் உள்ளே இருந்தது கையில் தட்டுப்பட்டது. மல்லாட்டைப் பருப்பு அளவு, கெட்டியாக, இடப்பக்கம். ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் கை அங்கே போகும். ஆய்கிற கையை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டால் பயம், தொடாவிட்டால் அதைவிடப் பயம்.

மூன்று மாதத்துக்கொரு முறை விழுப்புரம் போய் 'இல்லை'யைப் புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு முந்தின நாள் முத்துசாமி அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சொல்றதக் கேளும்மா. படி ஏறுறப்பவே முழுங்கிடு. 'இல்லே'ன்னு எழுதிடுவாரு, மாத்திரை வந்துக்கினே இருக்கும்."

"நல்ல யோசனை மேரி" என்றான் சவுரிராயன். "இப்பத்தான் மனுசியா நடமாடுறே."

"அப்ப இது இன்னான்னு எப்பத்தான்யா தெரியும்?" என்று கழுத்தைக் காட்டினாள் அவள். "காசியம்மா மாதிரி மூச்சு முட்டறப்பவா?"

"சரி, வாசல்ல உன் பேர நான் சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காம உள்ள போயிடு" என்றான் அவன். 

அந்தத் தடவை லூர்துமேரி வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு படிகளை ஒரே மூச்சில் ஏறினாள். மாத்திரை தந்த தெம்பு அது. ஏற்பாட்டின்படி சவுரிராயன் முன்னால் ஓடி, தாண்டவராயன் எதிரே நின்று, "பேரு லூர்துமேரிங்க, ஊரு கிளியனூருங்க" என்றான். "நீயா லூர்துமேரி?" என்று அவன் கேட்க, "இல்லீங்க, நான் அவ புருசங்க" என்று இவன் சொல்ல, அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் உள்ளே நுழைந்து, டாக்டர் எதிரே தலையை நிமிர்த்தி, மடக்கென்று விழுங்கினாள்.

டாக்டர் விருத்தாசலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இருக்கு" என்றார்.

அவள் கண்ணில் நீர் வந்தது. பயத்தில் பாதி, ஒருத்தர் பார்த்துவிட்டார் என்ற நிம்மதியில் பாதி. "கெட்ட கட்டியா சாமி, நல்ல கட்டியா?"

"அதை ஆபரேஷன் டாக்டர்தான் சொல்லணும்."

"அவரு எப்ப வருவாருங்க?"

"அவரை யுத்தத்துக்கு அழைச்சுண்டு போயிட்டா. யுத்தம் முடிஞ்சதும் வருவார்."

"யுத்தம் எப்பங்க முடியும்?"

அது தம்முடைய பிரிவில் இல்லை என்றார் டாக்டர்.

'உண்டு' என்று எழுதியாயிற்று. அன்றோடு மாத்திரையும் நின்றது. முத்துசாமி கையை விரித்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்றார் வருத்தத்தோடு. இரண்டே மாதத்தில் வேர்வை நின்றது, குளிர் வந்தது. குரல் தடித்தது. கட்டி மட்டும் சோம்பவில்லை, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தது.

நாலாம் மாதம் மறுபார்வைக்கு வரச்சொல்லி விழுப்புரத்திலிருந்து கார்டு வந்தது. சவுரிராயன் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். வேப்பமரம், சங்கிலி, தம்ளர், படி. மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. டாக்டர் எதிரே போய் நின்றபோது அவள் கழுத்து ஊதி, மோவாயோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"இல்லை" என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

"போன தபா... நீங்களே... பாத்தீங்களே சாமி."

"பார்த்தேன். ஆனா விதிப்படி கடைசியா பார்த்ததுதான் செல்லும்."

போகட்டும், 'இல்லை' என்றால் மாத்திரையாவது கிடைக்குமே என்று சவுரிராயன் சமாதானப்பட்டுக்கொண்டான். அவனுக்குப் போர்டின் மகிமை இன்னும் முழுதும் தெரியவில்லை. செக்ரட்டரி காகிதங்களைப் புரட்டினார். முன்பு 'உண்டு', இப்போது 'இல்லை'. அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? கட்டி கரைந்திருக்கிறது! போர்டு ஏற்பட்ட ஐந்து வருஷத்தில் கரைந்த முதல் கட்டி! அவர் ராவ்சாகிப் வீட்டுக்கு ஓடினார். அன்று மாலையே லூர்துமேரியின் பெயர் மந்தப் பிரிவிலும் இல்லை, கட்டிப் பிரிவிலும் இல்லை. 'சொஸ்தமானவர்கள்' என்ற புதுப் பிரிவில் ஏறிவிட்டது. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். சொஸ்தமானவர்களுக்கு மாத்திரை கிடையாது என்று சொல்லவும் வேண்டுமா?

வருஷ விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். லூர்துமேரியை மேடைக்குப் பக்கத்தில், மேடையில் அல்ல, ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். ராவ்சாகிப் எழுந்தார்.

"சகோதர சகோதரிகளே! கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மருந்துகூட இல்லை! போர்டின் கண்காணிப்பு ஒன்றினாலேயே ஒரு கட்டி கரைந்திருக்கிறது. பட்டணத்து டாக்டர் வரவில்லையே என்று நம்மைக் குறை கூறியவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்? அவர் வந்திருந்தால் கட்டியை அறுத்திருப்பார். கரைகிற புண்ணியம் நமக்குக் கிடைத்திருக்குமா? இம்மாதரசியின் கழுத்தை எல்லாரும் பாருங்கள்! இவளே இரண்டு வார்த்தை பேசட்டும்."

லூர்துமேரி எழுந்து நிற்கவே நேரமாயிற்று. இரண்டு விரலை இடப்பக்கக் கழுத்தில் வைத்தாள். "கரையலீங்க... சாமி..." என்று ஆரம்பித்தாள். தடித்த குரல் முன்வரிசையைக்கூட எட்டவில்லை. அடுத்த வார்த்தைக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றுதான் நின்றாள், சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றாள்.

"நன்றியால் நா தழுதழுக்கிறது!" என்றார் ராவ்சாகிப். பந்தலே அதிரும்படி கைதட்டினார்கள்.

பெரிய சாமந்தி மாலை ஒன்று வந்தது. அதை யார் அவள் கழுத்தில் போடுவது என்று மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். அவளே எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். கழுத்து, மோவாய்வரைக்கும் மூடிவிட்டது. படம் பிடித்தார்கள். அடுத்தபடி ராவ்சாகிப்புக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

திண்டிவனம் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷனில் ஒரு தூணோரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். அவளுக்குக் குளிர் எடுத்தது; சவுரிராயன் தன் துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான். அவள் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

"அத்தினி பேரும் கரஞ்சிருச்சின்றாங்களே. எனக்கே சந்தேகமா வந்திருச்சு. நீ சொல்லுய்யா... இருக்குதா?"

அவன் தொட்டுப் பார்த்தான். இரட்டைப் பருப்புள்ள மல்லாட்டை அளவுக்கு இருந்தது. விழுங்கும்போது ஏறிற்று, இறங்கிற்று. சவுரிராயனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போவதற்கு ஊரில் இன்னொரு டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, எழுத இன்னொரு மனுவும் இல்லை. அவன் விரலை எடுக்காமலே தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இல்லே மேரி" என்றான்.